காரை நிறுத்திய பிறகு எத்தனை அடி நடக்க வேண்டும்?

வருஷத்துக்கு 126 நாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தெருவில் நடந்து கடைகடையாக ஏறி இறங்கத் தோதான நாட்கள் அவ்வளவுதான் என்று 1950களில் ஒரு கணக்குப் போட்டார்கள். மற்ற நாட்களில் பனி கொட்டும், இல்லாவிட்டால் மழை, வெயில், எலும்பைத் துளைக்கும் காற்று. மினியாபொலிஸ் நகரின் பெரிய துணிமணி, வீட்டுச்சாமான் கடையான டேட்டன்ஸுக்காக, கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயனின் தரப்பு எடுத்த கணக்கு அது. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது: கடைத்தெருவுக்குக் கூரை போட்டுவிடலாம்.

1956 அக்டோபர் 8 அன்று ஈடைனா என்ற புறநகரில் சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்க மூடி, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் அமெரிக்கப் புறநகர் மால் அதுதான். செலவு 2 கோடி டாலர், உள்ளே 72 கடைகள், வெளியே 5,200 கார்களுக்கு இடம். நடுமுற்றத்துக்கு 'நிரந்தர வசந்தத்தின் தோட்டம்' என்று பெயர். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உள்ளே சுமார் 24 டிகிரி செல்சியஸ், மரங்கள், பறவைகள் அடைத்த இரண்டு மாடி உயரக் கூண்டு.

புறநகர்க் கடைகளின் வடிவத்தில் கடந்த எழுபது வருஷத்தில் நடந்த மாற்றங்களைச் சொல்ல அமெரிக்கா முழுக்க அலைய வேண்டியதில்லை. மினியாபொலிஸைச் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களே போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: காரை நிறுத்திவிட்டு இறங்கும் ஆளை எவ்வளவு தூரம் நடக்கவைப்பது, எதைத் தாண்டி நடக்கவைப்பது?

க்ரூயன் நடையில் ஊறியவர். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பி நியூயார்க் வந்தார்; கையில் எட்டு டாலர்தான் இருந்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருஷமே ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு தோல்பைக் கடைக்கு முகப்பு அமைத்துப் பேர் வாங்கினார். கடையின் கதவை நடைபாதை ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி, இடையில் கண்ணாடிப் பேழைகளை நிறுத்தினார். வேடிக்கை பார்த்தபடியே நடப்பவர் தன்னையறியாமல் கடைக்குள் வந்துவிடுவார். அவர் பின்னால் செய்ததெல்லாம் இந்தச் சின்ன முகப்பின் விரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சவுத்டேலின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் உலகம் முழுக்க மால் கட்டுகிறவர்கள் அந்த வரைபடத்தைத்தான் திருப்பித் திருப்பி வரைகிறார்கள். வெளிச்சுவரில் ஜன்னலே இல்லை. கடைகள் எல்லாம் உள்நோக்கித் திரும்பி நிற்கின்றன. நம் முற்றத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், திண்ணை மட்டும் கிடையாது. டேட்டன்ஸும் அதன் போட்டிக் கடையான டொனால்ட்சன்ஸும் ஒரே கூரையின் கீழ் வந்தன. போட்டிக்காரனைத் தானே கூப்பிட்டு உட்காரவைப்பதா என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பெரிய கடையிலிருந்து இன்னொரு பெரிய கடைக்குப் போகிறவர் இடையிலுள்ள சின்னக் கடைகளையெல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நடைக்குத்தான் சின்னக் கடைக்காரர் வாடகை கொடுக்கிறார். பெரிய கடைகளைத் தொழிலில் 'ஆங்கர்' என்பார்கள், நங்கூரம். நங்கூரத்துக்கு வாடகை மிகக் குறைவு, சில இடங்களில் பேருக்குத்தான்.

எல்லாவற்றையும் ஒரே தளத்தில் பரப்பினால் நடை நீண்டு ஆள் களைத்துவிடுவார். அதனால் இரண்டு தளமாக அடுக்கி நடுவில் எஸ்கலேட்டர் வைத்தார். மேல் தளத்துக்கு யாரும் ஏறமாட்டார்களே என்ற கவலைக்கும் வழி செய்தார். வெளியே நிறுத்துமிடத்தையே இரண்டு மட்டமாகச் சரித்தார். பாதிப் பேர் கீழ்த்தளத்துக்கும் பாதிப் பேர் நேராக மேல்தளத்துக்கும் நுழைவார்கள். இரண்டு தளமும் தரைத்தளம்தான். நம்மூர் மால்களில் இடம் சுருக்கம், கட்டடம் செங்குத்து. அதனால் வேறு உத்தி. சினிமாவையும் சாப்பாட்டுக் கடைகளையும் பெரும்பாலும் உச்சிமாடியில் வைத்துவிடுகிறார்கள். பசித்தவன் எல்லா மாடியையும் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

திறந்த அடுத்த மாதமே, புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் சவுத்டேலைப் பார்க்க வந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. கிராமத்துத் தெருவின் கெடுதலெல்லாம் இந்த முற்றத்தில் இருக்கிறது, அழகு மட்டும் இல்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார். முன்கோபக்காரக் கிழவர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் தொட்ட இடத்தில் புண் இருந்தது.

ஏனென்றால் க்ரூயன் வரைந்தது மால் ஒன்றை மட்டுமல்ல. 463 ஏக்கரில் வீடுகள், பள்ளிகள், மருத்துவ மையம், பூங்கா, ஏரி, நடுவில் மால் என்று ஒரு ஊரையே வரைந்திருந்தார். ஜனங்கள் வீட்டிலிருந்து நடந்து கடைக்கு வருவார்கள் என்பது கனவு. மால் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறியது. ஆளாளுக்கு மனை வாங்கித் தோன்றியபடி கட்டினார்கள். நடந்து வருவதற்கு வழியில்லை. மாலைச் சுற்றி எப்பக்கமும் தார் போட்ட நிறுத்துமிடம், பாலைவனம்போல். பின்னாளில் இப்படி முளைத்த மால்களுக்குத் தான் அப்பன் இல்லை, ஜீவனாம்சம் தரமாட்டேன் என்று க்ரூயன் கடுமையாகவே பேசினார். 1968இல் வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். 1976இல் அந்த வியன்னாவின் தெற்கு ஓரத்திலேயே ஒரு மாபெரும் மால் திறந்தது. 1980இல் இறந்தார். எதையோ வாங்க வந்தவர் அதை மறந்து சும்மா சுற்றத் தொடங்கும் அந்தக் கணத்துக்கு இன்றைக்கும் தொழிலில் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை அவர் கேட்கவில்லை.

கனவு கலைந்ததற்குப் பேராசையை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. வரிக்கணக்கும் ஒரு காரணம், அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1954இல் அமெரிக்க வரிச்சட்டம் மாறியது. அதுவரை ஒரு கட்டடத்தின் தேய்மானத்தைப் பல பத்தாண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கழிக்க முடியும். இனிமேல் முதல் சில வருஷங்களிலேயே பெரும் பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சலுகை புதுக் கட்டடத்துக்கே அதிகம் பொருந்தியது. பழைய கடைத்தெருவில் இருப்பதைச் செப்பனிடுவதைவிட, ஊர் ஓரத்துச் சோளக்காட்டில் புதிதாக ஒன்று எழுப்பி, சில வருஷம் வரியை மிச்சம் பிடித்து, பிறகு கைமாற்றிவிடுவது லாபம். இரண்டு வருஷம் கழித்து தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. நூறு வருஷம் நிற்க வேண்டும் என்று யாரும் மால் கட்டவில்லை. சுவர் மலிவாகவும் கூரை தட்டையாகவும் இருப்பதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல, கணக்குப்பிள்ளையும் காரணம்.

நிறுத்துமிடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் சதுர அடி கடைக்கு ஐந்தரைக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது 1960களில் நிலைபெற்ற அளவு. வருஷத்தில் ஒரு சில நாட்கள் மட்டும் வரும் கிறிஸ்துமஸ் கூட்டத்தை மனதில் வைத்துப் போட்டது. ஒரு காருக்கு, போய்வரும் வழியையும் சேர்த்தால், சுமார் 330 சதுர அடி. ஐந்தரையால் பெருக்கினால் 1,800ஐத் தாண்டும். கடை ஒரு பங்கு என்றால் கார் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அமெரிக்கப் புறநகரின் முகம் ஏன் அப்படி வெறிச்சென்று இருக்கிறது என்பதற்கு இந்தப் பெருக்கலே பதில். பல ஊர்களில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். மினியாபொலிஸ் நகரம் அந்தக் கட்டாயத்தை 2021இல்தான் அடியோடு நீக்கியது.

டேட்டன்ஸ் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. சவுத்டேலுக்குப் பின் ப்ரூக்டேல், ரோஸ்டேல், ரிட்ஜ்டேல் என்று எழுந்து, அதையும் சேர்த்து நகரைச் சுற்றி நாலு 'டேல்'கள் ஆயின. இதற்கிடையில் 1962 மே மாதம், ரோஸ்வில் புறநகரில் அதே நிறுவனம் ஒரு மலிவு விலைக் கடையைத் திறந்தது. பெயர் டார்கெட். அதே வருஷம் ஆர்கன்சாவில் வால்மார்ட்டும் மிச்சிகனில் கேமார்ட்டும் திறந்தன. முற்றமும் பறவையும் கிடையாது. தட்டையான ஒரே பெட்டி, முன்னால் கார், ஒரு வாசல், உள்ளே எல்லாம். நம்மூர்ப் பெட்டிக்கடையை நினைத்துவிடாதீர்கள்; இது கால்பந்து மைதானத்தையே உள்ளே வைத்துவிடும் பெட்டி. மால் கட்டியவனே அதைத் தின்னப்போகும் குட்டியையும் அப்போதே வளர்க்கத் தொடங்கிவிட்டான். டேட்டன்ஸ் என்ற பெயர் இன்று கடைப்பலகையில் இல்லை. டார்கெட் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறைக் கடைகளில் ஒன்று.

பெட்டியோடு போட்டிபோட மாலுக்கு இருந்த ஒரே ஆயுதம் வேடிக்கை. அதன் உச்சம் ப்ளூமிங்டனில் 1992இல் திறந்த மால் ஆஃப் அமெரிக்கா. பேஸ்பால் மைதானம் இருந்த இடம். நாலு மூலையில் நாலு நங்கூரம், நடுவே ரோலர்கோஸ்டர் ஓடும் பொழுதுபோக்குப் பூங்கா. பொதுவழிகளுக்குத் தனியே வெப்பமூட்டும் அமைப்பு இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள்: கண்ணாடிக் கூரை வழியே வரும் வெயிலும் விளக்குகளும் கூட்டத்தின் உடல்சூடும் போதுமாம். மினசோட்டா குளிரில்! சவுத்டேலில் தோட்டம் பார்க்க நடந்தவர்கள் இங்கே சவாரி போக நடந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் இந்த மாலில்தான் க்ரூயனின் இன்னொரு ஆசைக்கும் பதில் கிடைத்தது. மால் ஊரின் சதுக்கமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சதுக்கம் என்றால் அங்கே கூட்டம் போடலாமா, துண்டுப்பிரசுரம் கொடுக்கலாமா? விலங்குகளின் ரோமத்தோலில் செய்த உடைகளுக்கு எதிராக அங்குள்ள ஒரு கடையின் முன் போராடியவர்களைக் கைதுசெய்தார்கள். வழக்கு மினசோட்டா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999இல் தீர்ப்பு: மால் தனியார் சொத்து, எத்தனை லட்சம் பேர் வந்து போனாலும், கட்டுவதற்குப் பொதுப்பணம் உதவியிருந்தாலும், பேச்சுரிமை அங்கே செல்லாது. சந்தைத்திடலில் மேடை போட்டுப் பேசிப் பழகிய நமக்கு இதன் கனம் உடனே புரியும். தெருவுக்குக் கூரை போட்டபோது கதவும் பூட்டும் கூடவே வந்துவிட்டன.

அடுத்து வந்தது கூரையைக் கழற்றும் காலம். 1987இல் டென்னசி மாநிலத்து ஜெர்மன்டவுனில் தொடங்கிய 'லைஃப்ஸ்டைல் சென்டர்' என்ற பாணி, மினியாபொலிஸ் பக்கம் மேப்பிள் க்ரோவில் ஜல்லி தோண்டியெடுத்த பள்ளங்கள் இருந்த நிலத்தில், ஆர்பர் லேக்ஸ் என்ற பெயரில் 2003இல் வந்தது. பழைய மால் ஒன்றை எடுத்துச் சட்டையைப்போல் உள்வெளியாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கும். கடைகள் வெளிநோக்கி நிற்கும், நடுவே சின்னத் தெரு, நடைபாதை, அலங்கார விளக்குக்கம்பம், கடை வாசலிலேயே பத்து கார் நிறுத்த இடம். ஒவ்வொரு முகப்பும் வெவ்வேறு காலத்தில் கட்டியதுபோல் செங்கல் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று. இந்த மாதிரி இடங்களில் சில முகப்புகளில் மேல்மாடி ஜன்னல் தெரியும். பின்னால் மாடியே இருக்காது. பழைய கடைத்தெருவை ஐம்பது வருஷம் முன்பு கொன்றுவிட்டு இப்போது அதற்குச் செட் போடுகிறார்கள் என்று சிரிக்கத் தோன்றும். கட்டுகிறவர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது: பொதுக்கூடத்துக்குக் குளிரூட்டும் செலவு இல்லை, நங்கூரத்துக்குக் கொடுக்கும் சலுகை இல்லை, வாடிக்கையாளர் வேண்டிய கடை வாசலிலேயே இறங்கிக்கொள்கிறார். நடை குறைந்தது.

நங்கூரச் சலுகை வேண்டாம் என்றது பிறகு ஞானமாகத் தெரிந்தது. மால் சாகும் விதம் அப்படி. சின்னக் கடைகளின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்: நங்கூரக் கடை மூடினால் வாடகையைக் குறைக்கலாம், அல்லது காலிசெய்யலாம். ஆகவே ஒரு பெரிய கடை போனதும் சின்னவை சரசரவென்று உதிரும், கூட்டம் குறையும், அடுத்த நங்கூரமும் அவிழும். பல மால்களில் நங்கூரமாக இருந்த சியர்ஸ் 2018இலும் ஜேசி பென்னி 2020இலும் திவால் மனு போட்டபோது நாடு முழுக்க இது நடந்தது. நாலு டேல்களில் ப்ரூக்டேல் அதற்கு முன்பே, 2010இல், மூடிவிட்டது. பெரும்பகுதியை இடித்தார்கள். அந்த இடத்தில் வால்மார்ட் பெட்டி வந்து உட்கார்ந்தது.

இந்த ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே யாரும் வடிவம் என்றே மதிக்காத ஒன்று சத்தமில்லாமல் பிழைத்துக்கிடக்கிறது: சாலையோர 'ஸ்ட்ரிப் மால்'. நீளமான ஒற்றை மாடிக் கொட்டகை, ரயில்பெட்டிபோல் வரிசையாக அறைகள், முன்னால் ஒரு வரிசை கார். கட்டடக்கலைப் பள்ளியில் காட்டிச் சிரிக்கும் வகை. ஆனால் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை எடுக்கலாம், வைக்கலாம். ஒரு பீட்சாக் கடை போனால் அடுப்புப் புகைபோக்கியும் வடிகாலும் அங்கேயே இருக்கும். அடுத்து வருகிறவர் இட்லி சுடலாம், நூடுல்ஸ் கிண்டலாம். பழசாகப் பழசாக வாடகை இறங்கும். கையில் அதிகம் முதல் இல்லாமல் குடியேறியவர்கள் அதைத்தான் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் எந்தப் புறநகரானாலும் நம்மவர் கறிவேப்பிலையும் தோசைமாவும் வாங்கும் கடை அநேகமாக இப்படி ஒரு வரிசையில், பக்கத்தில் சலவைக்கடையோ பல் மருத்துவரோ இருக்க, உட்கார்ந்திருக்கும். மாலுக்குள் அந்தக் கடை வரவே முடியாது, வாடகை கட்டாது. அழகில்லாததுதான், ஆனால் வளைந்துகொடுக்கிறது. இந்த வரிசையில் எனக்கு மதிப்பு அதிகம் இதன் மேல்தான்.

எல்லாம் பிழைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்டை நகரமான செயின்ட் பாலில் ஃபேலன் என்ற சின்னக் கடைவளாகத்தைச் சதுப்புநிலத்தைத் தூர்த்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் தன் இடத்தை மறக்கவில்லை. கடைசியில் கட்டடத்தை இடித்து, தாரைப் பெயர்த்து, பழையபடி சதுப்பாகவே மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கரணையை அறிந்த சென்னைக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்கக்கூடும்.

இப்போதைய போக்கு நடையைப் பூஜ்யமாக்குவது. டார்கெட் 2017இல் தன் சொந்த வட்டாரத்தில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இந்த இரட்டை நகரங்களில்தான், 'ட்ரைவ் அப்' சேவையைச் சோதித்துப் பார்த்தது. போனில் வாங்கிவிட்டு வந்து குறித்த இடத்தில் காரை நிறுத்தினால் ஊழியர் பையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். கொரோனா காலத்தில் அது பழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் நாலு கோடும் ஒரு பலகையும்தான். உள்ளே கட்டடமே மாறுகிறது: 2022இல் டார்கெட் அறிவித்த புதுக் கடைகள் சுமார் 1,50,000 சதுர அடி, அவற்றில் ஆன்லைன் ஆர்டர்களை எடுத்துக்கட்டும் பின்கட்டு, அதே அளவுள்ள பழைய கடைகளில் இருந்ததைப்போல் ஐந்து மடங்கு. வாடிக்கையாளர் பார்க்காத பகுதி வளர்கிறது. கடை மெல்லக் கிடங்காகிறது. ஒஹாயோவில் ராண்டல் பார்க் என்ற பெரிய மாலை இடித்த இடத்தில் 2018இல் அமேசான் கிடங்கே வந்துவிட்டது.

ப்ரூக்லின் பார்க் புறநகரில் 2022இல் திறந்த ஒரு டாக்கோ பெல் உணவகத்தை இதன் எல்லை எனலாம். சமையலறை மாடியில், அதன் கீழே நாலு வரிசையாகக் கார் போகிறது, சாப்பாடு சின்ன லிஃப்டில் இறங்குகிறது. உட்கார மேசையே இல்லை. அந்த வட்டாரத்தின் மைய நகரமான மினியாபொலிஸோ இப்படிக் காரைவிட்டு இறங்காமலே வாங்கிப் போகும் ட்ரைவ் த்ரூக்களைப் புதிதாகக் கட்டக் கூடாது என்று 2019இலேயே தடைபோட்டது. காத்திருக்கும் கார்களின் புகை, நடைபாதையைக் குறுக்கே வெட்டும் வண்டிகள் என்று காரணம் சொன்னார்கள். நகர எல்லைக்கோட்டைத் தாண்டினால் இரண்டு மாடி.

சவுத்டேல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஜேசி பென்னி இருந்த பெரிய கட்டடத்தை இடித்து 2019இல் அங்கே லைஃப் டைம் என்ற உடற்பயிற்சி நிலையம் வந்திருக்கிறது. துணி விற்ற இடத்தில் இப்போது வியர்க்க ஓடுகிறார்கள். நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், தேவைக்கு மேல் கிடந்த தாரைத் தோண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு ஹோட்டலும் உண்டு. க்ரூயன் வரைந்த வீடுகள் அரை நூற்றாண்டுக்கும் மேல் தாமதமாக, அவர் நினைத்த இடத்தில் அல்லாமல் கார்களுக்காக ஒதுக்கிய இடத்தில், வந்து சேர்ந்திருக்கின்றன. குளிர்காலக் காலைகளில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் நடைப்பயிற்சிக்காக மட்டும் மாலுக்கு வரும் வயதானவர்கள் அமெரிக்கா முழுக்க உண்டு. அந்தக் குடியிருப்பிலிருந்து அப்படி ஒருவர் வந்தால் கார் எடுக்க வேண்டியதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடந்தால் போதும். வருஷத்தில் 126 நாள் கோட்டும் வேண்டாம்.